ஒரே வட்டில் பல லினக்ஸ்: எதைப் பிரிப்பது, எதைப் பொதுவில் விடுவது

ஒரு கணினியில் ஒரே ஒரு லினக்ஸ்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அன்றாட வேலைக்கு நிதானமான டெபியன், லினக்ஸின் மைய நிரலான கர்னலின் புதிய பதிப்பையும் புதிய மேசைத்தளத்தையும் உடனுக்குடன் பார்க்க ஃபெடோரா, வீட்டில் உள்ள மற்றவர்கள் பயன்படுத்த லினக்ஸ் மின்ட் என்று மூன்று வழங்கல்களை ஒரே வட்டில் நிறுவிக்கொண்டு, கணினியைத் தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். மெய்நிகர் கணினிக்குள் இயக்கிப் பார்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் வைஃபை ஒழுங்காகக் கிடைக்கிறதா, கிராஃபிக்ஸ் அட்டை முழு வேகத்தில் ஓடுகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதெல்லாம் நேரடியாக வட்டில் நிறுவினால்தான் தெரியவரும்.

அதற்கு வட்டைப் பாகம் பிரிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஒவ்வொரு லினக்ஸுக்கும் எத்தனை ஜிபி ஒதுக்க வேண்டும் என்பதையே. அதற்கு எளிதில் விடை சொல்லிவிடலாம். நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது வயலை அளந்து கல் நடுவது விரைவில் முடிந்துவிடும். கிணறும் வண்டிப்பாதையும் யாருக்கு என்பதில்தான் பேச்சு நீளும். வட்டிலும் அப்படித்தான்: எந்தெந்தப் பாகங்கள் ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனித்தனி, எவை எல்லாவற்றுக்கும் பொது என்பதைச் சரியாக முடிவு செய்துவிட்டால், பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வராது.

பார்ட்டிஷன் என்பது என்ன

இயங்குதளத்தைப் பொறுத்தவரை வட்டு என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட செக்டர்களின் நீண்ட தொடர். ஒரு செக்டர் பெரும்பாலும் 512 பைட்டாகக் கணக்கிடப்படுகிறது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை ஒரு பாகம் என்று குறித்துவைப்பதுதான் பார்ட்டிஷன். அந்தக் குறிப்புகள் எல்லாம் வட்டின் தொடக்கத்தில் உள்ள ஓர் அட்டவணையில் இருக்கின்றன. பார்ட்டிஷனை உருவாக்குவதும் நீக்குவதும் இந்த அட்டவணையை மாற்றும் வேலைதான். உள்ளே இருக்கும் கோப்புகளை அது தொடுவதில்லை. தவறுதலாக நீக்கிய பார்ட்டிஷனை டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளால் பல நேரங்களில் மீட்க முடிவதற்குக் காரணம் இதுவே. ஃபார்மேட் செய்வது வேறு: அது அந்தப் பாகத்துக்குள், கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடான கோப்பு முறைமையைப் புதிதாக எழுதுகிறது, பழையதை அழிக்கிறது. இந்த இரண்டு செயல்களுக்கும் உள்ள வேறுபாடு, நிறுவும் நேரத்தில் ஒரு சின்னச் சதுரத்தில் டிக் போடலாமா என்று தயங்கும்போது உதவும்.

அட்டவணையில் இரண்டு வகை உண்டு. பழையது எம்பிஆர். 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. வட்டின் முதல் செக்டரின் 512 பைட்டில் 446 பைட்டு, கணினியைத் தொடங்கும் நிரலுக்குப் போய்விடும். அட்டவணைக்கு 64 பைட்டுதான் மிஞ்சும். ஒரு பார்ட்டிஷனைக் குறிக்க 16 பைட்டு தேவை என்பதால் நான்குக்கு மேல் இடமில்லை. நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களை அடுக்கி இந்த எல்லையைச் சமாளித்தார்கள். பழைய கணினிகளில் நான்காம் எண்ணைக் காணாமல் ஐந்தாம் எண் இருப்பதைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு விளக்கம் இதுதான்: லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு லினக்ஸ் எப்போதும் 5இலிருந்துதான் எண்ணிடும்.

புதியது ஜிபிடி. யூஈஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரல்) முறையோடு சேர்ந்து வந்த இது, வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் தருகிறது. அட்டவணையின் இரண்டாம் பிரதியை வட்டின் கடைசியில் வைக்கிறது. அட்டவணை கெட்டுப்போனால் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு எண்ணும் வைத்திருக்கிறது. எம்பிஆர் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் திணறும். ஜிபிடிக்கு அந்தச் சிக்கல் இல்லை. பல லினக்ஸ் வைக்க நினைப்பவர் ஜிபிடியைத் தவிர வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இனி இக்கட்டுரையில் சொல்வது எல்லாம் ஜிபிடியும் யூஈஎஃப்ஐயும் உள்ள கணினிக்கானது.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. நிறுவுவதற்கான யூஎஸ்பியைச் செருகித் தொடக்கப் பட்டியலைத் திறந்தால், அதே யூஎஸ்பி இரண்டு முறை தெரியலாம்: ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. ஒரு லினக்ஸை ஒரு வழியிலும் இன்னொன்றை மற்ற வழியிலும் நிறுவினால் ஒன்றின் பட்டியலிலிருந்து மற்றதைத் தொடங்க முடியாமல் போகும். எல்லாவற்றையும் யூஈஎஃப்ஐ என்று குறித்த வழியிலேயே தொடங்கி நிறுவ வேண்டும். நிறுவாமலே யூஎஸ்பியிலிருந்து ஓடும் லைவ் அமர்வுக்குள் வந்த பிறகு ஐயம் எழுந்தால், /சிஸ்/ஃபர்ம்வேர் என்ற கோப்புறைக்குள் ஈஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் வந்த வழி சரி.

லினக்ஸ் தன் பாகங்களை எப்படிப் பார்க்கிறது

விண்டோஸில் பழகியவர்களுக்குப் பாகம் என்றால் சி, டி என்ற எழுத்துகள். லினக்ஸில் எழுத்துகள் இல்லை; ரூட் என்ற ஒரே மரம்தான் உண்டு. அந்த மரத்தின் ஏதாவது ஒரு கோப்புறையில் ஒரு பார்ட்டிஷனை இணைத்துவிட்டால், அந்தக் கோப்புறைக்குள் போவது அந்தப் பாகத்துக்குள் போவதாகிறது. இப்படி இணைப்பதை மவுண்ட் செய்வது என்கிறோம். ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனக்கென ஒரு ரூட் பார்ட்டிஷன் கட்டாயம் வேண்டும். மற்ற எதையும் அதற்குள்ளேயே வைக்கலாம், வெளியேயும் வைக்கலாம்.

வன்பொருளின் பெயர்களும் கொஞ்சம் பழக வேண்டியவை. சாட்டா வட்டு எஸ்டிஏ என்றும் அதன் முதல் பாகம் எஸ்டிஏ1 என்றும் அழைக்கப்படும். என்விஎம்இ வட்டாக இருந்தால் என்விஎம்இ0என்1பி1 என்று நீளும். இரண்டு சாட்டா வட்டுகள் உள்ள கணினியில் இன்று எஸ்டிஏ ஆக இருப்பது நாளை எஸ்டிபி ஆகலாம். ஆகவே எந்தப் பாகத்தை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில், பெயருக்குப் பதிலாக யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண் எழுதப்படுகிறது. இந்த எண் ஃபார்மேட் செய்யும்போது உருவாவது. மறுபடி ஃபார்மேட் செய்தால் மாறிவிடும். இது ஏன் முக்கியம் என்பது ஸ்வாப் பற்றிப் பேசும்போது தெரியும்.

500 ஜிபி வட்டுக்கு ஒரு திட்டம்

கடையில் 500 ஜிபி என்று விற்கும் வட்டை, பாகம் பிரிக்க உதவும் ஜிபார்ட்டட் கருவியில் திறந்தால் ஏறத்தாழ 465 என்றுதான் காட்டும். ஏமாற்று எதுவும் இல்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தின் அடுக்கில் எண்ணுகிறார், கருவி 1024இன் அடுக்கில் எண்ணுகிறது. இனி வரும் அளவுகள் ஜிபார்ட்டட் காட்டும் கணக்கில் உள்ளவை.

முதலில் 1 ஜிபியில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். அடுத்து டெபியனின் ரூட்டுக்கு 40, மின்ட்டின் ரூட்டுக்கு 40, ஃபெடோராவின் ரூட்டுக்கு 50, ஸ்வாப்புக்கு 8. பிறகு 40 ஜிபியை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டுவிடலாம். நாளை நான்காவதாக ஒன்றை முயன்று பார்க்கத் தோன்றாமல் இருக்காது. மீதமுள்ள 286 ஜிபியும் பொதுவான தரவுப் பாகத்துக்கு. மூன்று ரூட்டுக்கும் தரவுக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை போதும். ஃபெடோராவின் நிறுவி, 2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து, விட்டால் பிடிஆர்எஃப்எஸ் என்பதைத்தான் தேர்ந்தெடுக்கும். அது நல்ல கோப்பு முறைமைதான். அதன் துணைத்தொகுதி வசதியைப் பயன்படுத்தி எல்லா லினக்ஸையும் ஒரே பார்ட்டிஷனில்கூட வைக்கலாம். ஆனால் முதல் முயற்சியில் அதைச் சேர்த்துக்கொள்வது ஒரே நேரத்தில் இரண்டு பாடங்களைப் படிப்பதாகிவிடும்.

ரூட்டுக்கு 40 ஜிபி என்பது பெரிதாகத் தோன்றலாம். நிறுவி முடித்த அன்று அதில் கால்வாசிதான் நிரம்பியிருக்கும். ஆனால் ஃபிளாட்பேக் செயலிகள், பழைய கர்னல்கள், பதிவிறக்கிய தொகுப்புகள் எல்லாம் ரூட்டில்தான் சேரும். ரூட் பாகம் முழுதும் நிரம்பிய நிலையில் தொடங்கும் லினக்ஸ், சில வேளைகளில் வரைகலைத் திரைக்கே வராமல் நின்றுவிடும் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒதுக்காத இடத்தை எங்கே விடுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பாகத்தை அதன் வலப்பக்கம் நீட்டுவது நொடிகளில் முடியும் வேலை. இடப்பக்கம் நீட்ட வேண்டுமென்றால் பாகத்தின் தொடக்கமே மாறுவதால், உள்ளே உள்ள எல்லாத் தரவையும் நகர்த்தி எழுத வேண்டும். மணிக்கணக்கில் ஆகலாம், நடுவில் மின்சாரம் போனால் தரவும் போகும். அதனால் பின்னால் வளரக்கூடிய பாகத்துக்கு வலப்புறத்தில் காலி இடம் இருப்பது நல்லது.

எல்லோருக்கும் பொதுவான ஈஎஃப்ஐ பாகம்

கணினியை இயக்கியதும் முதலில் விழிக்கும் ஃபர்ம்வேருக்கு எக்ஸ்ட்4 படிக்கத் தெரியாது; ஃபேட் வகைக் கோப்பு முறைமை மட்டுமே தெரியும். எனவே ஃபேட்32இல் ஃபார்மேட் செய்த ஒரு சிறிய பாகத்தில், ஒவ்வோர் இயங்குதளமும் தன்னைத் தொடங்கிவைக்கும் நிரலைப் போட்டுவைக்கிறது. இதுதான் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். ஒரு வட்டுக்கு இது ஒன்று போதும். அதற்குள் டெபியனுக்கு டெபியன் என்ற கோப்புறை, ஃபெடோராவுக்கு ஃபெடோரா என்ற கோப்புறை என்று ஆளுக்கொரு கோப்புறை இருப்பதால், ஒருவர் இடத்தில் மற்றவர் கை வைப்பதில்லை. ஏற்கெனவே கணினியில் விண்டோஸ் இருந்தால் அதன் தொடக்க நிரலும் இதே பாகத்தில் மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறையில் இருக்கும்.

இரண்டாவது லினக்ஸை நிறுவும்போது கவனிக்க வேண்டியது இதுதான்: இந்தப் பாகத்தை /பூட்/ஈஎஃப்ஐ என்ற இடத்தில் மவுண்ட் செய்யச் சொல்ல வேண்டும், ஃபார்மேட் செய்யச் சொல்லக் கூடாது. ஃபார்மேட் என்ற சதுரத்தில் டிக் இருந்தால், முதல் லினக்ஸின் கோப்புகள் எல்லாம் அதன் ரூட்டில் பத்திரமாக இருந்தாலும், அதைத் தொடங்கிவைக்க ஆளில்லாமல் போய்விடும்.

ஆளுக்கொரு கோப்புறை என்ற ஏற்பாட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. அது பலரைத் தடுக்கிவிடுகிறது. லினக்ஸ் மின்ட் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. அதன் தொடக்க நிரலும் உபுண்டு என்ற கோப்புறையிலேயே போய் உட்காரும். நம் திட்டத்தில் மின்ட் மட்டும் இருப்பதால் சிக்கல் இல்லை. நான்காவதாக உபுண்டுவை நிறுவினால், அது அதே கோப்புறையில் மின்ட்டின் கோப்புகளுக்கு மேலேயே எழுதிவிடும். உபுண்டுவின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைப்பவர்களுக்கும் இதே கதிதான்: கடைசியாக நிறுவியது எதுவோ அதன் பட்டியல்தான் வரும்.

அந்தக் கோப்புறைக்குள் கிரப்.சிஎஃப்ஜி என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். திறந்து பார்த்தால் மூன்றே வரிகள். இன்ன யூயூஐடி உள்ள பாகத்தைத் தேடு என்கிறது முதல் வரி. அதிலுள்ள /பூட்/கிரப் கோப்புறையை எடுத்துக்கொள் என்கிறது இரண்டாவது. அங்குள்ள முழுப் பட்டியலைத் திற என்கிறது மூன்றாவது. உபுண்டு நிறுவியதும் முதல் வரியில் இருந்த மின்ட்டின் யூயூஐடி போய் உபுண்டுவின் யூயூஐடி வந்துவிடுகிறது, நடந்தது அவ்வளவுதான். மின்ட் எங்கும் போகவில்லை. உபுண்டுவின் பட்டியலில் மின்ட்டையும் சேர்த்துவிட்டால் வழக்கம்போலத் தொடங்கலாம்.

தொடக்கப் பட்டியலை யார் பார்த்துக்கொள்வது

பெரும்பாலான வழங்கல்கள் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட் லோடராகக் கிரப் என்பதையே பயன்படுத்துகின்றன. மூன்று லினக்ஸ் இருந்தால் மூன்று கிரப் இருக்கும். கடைசியாக நிறுவியது ஃபர்ம்வேரின் வரிசையில் முதலிடத்தைப் பிடித்துக்கொள்ளும். எது முதலில் வர வேண்டும் என்பதை ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையிலோ, லினக்ஸுக்குள் இருந்தபடியே ஈஎஃப்ஐபூட்மேனேஜர் என்ற கருவியாலோ மாற்றிக்கொள்ளலாம்.

முதலிடத்தில் இருக்கும் கிரப், வட்டில் உள்ள மற்ற இயங்குதளங்களையும் தேடித் தன் பட்டியலில் சேர்க்க ஓஎஸ்-புரோபர் என்ற துணைநிரலைப் பயன்படுத்துகிறது. பாதுகாப்புக் காரணங்களுக்காக, 2021இல் வந்த கிரப் 2.06 இந்தத் தேடலை இயல்பாகவே நிறுத்திவைத்துவிட்டது. புதிதாக நிறுவிய டெபியனில் ஃபெடோரா தெரியவில்லையே என்று திகைப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் என்ற கோப்பு. அதில் ஓஎஸ்-புரோபரை முடக்கும் வரிக்கு ஃபால்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்து, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கினால் மற்றவையும் பட்டியலுக்கு வந்துவிடும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. டெபியனின் கிரப் தன் பட்டியலில் எழுதிவைப்பது, ஃபெடோராவின் அன்றைய கர்னல் கோப்பின் பெயரை. ஃபெடோராவில் கர்னல்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படும். பழையவை தாமாகவே நீக்கப்படும். ஃபெடோரா தன் கிரப்பைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் டெபியனின் பட்டியலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. சில வாரங்களில் டெபியனின் பட்டியல், இப்போது இல்லாத ஒரு கர்னலைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் டெபியனுக்குள் போய் அப்டேட்-கிரப் இயக்குவது ஒரு தீர்வு, யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இதைவிட நல்ல தீர்வு, ஒரு கிரப்பிலிருந்து அடுத்த கிரப்புக்குக் கைமாற்றிவிடுவது. டெபியனின் /ஈடிசி/கிரப்.டி கோப்புறையில் 40_கஸ்டம் என்ற கோப்பு, நாமே வரிகளைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே இருக்கிறது. அதில், ஈஎஃப்ஐ பாகத்தின் ஃபெடோரா கோப்புறையில் உள்ள ஷிம் என்ற தொடக்க நிரலை, ஒரு பூட் லோடரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் செயின்லோடர் வழியாக அழைக்கும் ஒரு பதிவை எழுதிவிட்டால், டெபியனின் பட்டியலில் ஃபெடோரா என்று தேர்ந்தெடுத்ததும் ஃபெடோராவின் சொந்தப் பட்டியல் திறக்கும். எந்தக் கர்னல் புதிது, எது பழையது என்ற கவலை ஃபெடோராவோடு நின்றுவிடும். கோப்பு எதையும் தொட விரும்பாதவர்கள், கணினியை இயக்கியதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தம் கணினிக்குரிய விசையை அழுத்தி, ஃபர்ம்வேரின் பட்டியலிலேயே தேர்ந்தெடுக்கலாம். எப்போதாவது மட்டும் மாறுபவர்களுக்கு இதுவே போதும்.

ஸ்வாப்: பொதுவில் விடலாம், நிபந்தனையோடு

நினைவகம் நிரம்பும்போது லினக்ஸ் பயன்படுத்திக்கொள்ளும் இடம் ஸ்வாப். ஒரு நேரத்தில் ஒரு லினக்ஸ்தான் ஓடும் என்பதால் ஒரே ஸ்வாப்பை மூன்றும் பகிர்ந்துகொள்வதில் கொள்கை அளவில் தடையில்லை. நடைமுறையில்தான் ஒரு சங்கடம் வரும். புதிய லினக்ஸை நிறுவும்போது, சில நிறுவிகள் கண்ணில் பட்ட ஸ்வாப்பை எல்லாம் மறுபடி ஃபார்மேட் செய்துவிடுகின்றன. அதன் யூயூஐடி மாறிவிடுகிறது. பழைய லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில் இருப்பதோ பழைய எண். அடுத்த முறை அதைத் தொடங்கும்போது, இல்லாத ஒரு பாகத்துக்காக ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஒரு சாதனத்துக்காக இயல்பாகப் பொறுத்திருக்கும் நேரம் அது. திரையில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் நகர, பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடி என்ற கெடுவை நோக்கி நொடிகள் ஏறிக்கொண்டிருக்கும். நேற்று வரை சட்டென்று தொடங்கிய கணினிக்குத் திடீரென்று என்ன வந்தது என்று வன்பொருளைச் சந்தேகிப்பவர்களும் உண்டு.

எஃப்எஸ்டேப் கோப்பில் யூயூஐடிக்குப் பதிலாகப் பார்ட்யூயூஐடி என்ற எண்ணைக் கொடுத்துவிட்டால் இது நேராது. அந்த எண் ஜிபிடி அட்டவணையில் பாகத்துக்கே உரியதாகப் பதிந்திருப்பது. உள்ளே எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் மாறாது. பிஎல்கேஐடி என்ற கட்டளை இரண்டு எண்களையும் அடுத்தடுத்துக் காட்டும்.

நினைவகத்தின் உள்ளடக்கம் முழுவதையும் ஸ்வாப்பில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்நேட் வசதியைப் பயன்படுத்துபவர்கள், ஸ்வாப்பைப் பகிரவே கூடாது. டெபியனை ஹைபர்நேட் செய்துவிட்டு ஃபெடோராவைத் தொடங்கினால், ஃபெடோரா அந்த ஸ்வாப்பின் மேலேயே எழுதிவிடும். டெபியனில் திறந்து வைத்திருந்தவை போயின. அதைவிட மோசமான ஆபத்து பொதுத் தரவுப் பாகத்துக்கு. டெபியன் தூங்கும்போது அந்தப் பாகம் எப்படி இருந்தது என்பது டெபியனின் நினைவில் உறைந்திருக்கிறது. இடையில் ஃபெடோரா அங்கே எதையாவது எழுதிவிட்டால், விழித்தெழும் டெபியன் பழைய நினைவை நம்பி வேலை செய்து கோப்பு முறைமையையே குலைத்துவிடக்கூடும். பல லினக்ஸ் உள்ள கணினியில் ஹைபர்நேட்டை மறந்துவிடுவதே நல்லது. ஸ்வாப் பாகமே வேண்டாம் என்று, ஒவ்வொரு ரூட்டுக்குள்ளும் ஒரு ஸ்வாப் கோப்பை வைத்துக்கொள்வதும் நடைமுறையில் உள்ள வழி. ஃபெடோரா நினைவகத்திலேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் முறையை இயல்பாகப் பயன்படுத்துவதால், அதற்குத் தனி ஸ்வாப் இல்லாமலும் ஓடும்.

/ஹோம் பாகத்தைப் பகிரலாமா

பயனரின் ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் எல்லாம் /ஹோம் கோப்புறைக்குள் இருப்பவை. அதைத் தனிப் பாகமாக்கி மூன்று லினக்ஸுக்கும் பொதுவாக மவுண்ட் செய்துவிட்டால் எங்கிருந்தும் எல்லாம் கிடைக்குமே என்று தோன்றுவது இயல்பு. இந்த யோசனையைச் சொல்லும் கையேடுகளும் இருக்கின்றன. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம், /ஹோம் கோப்புறையில் ஆவணங்கள் மட்டும் இல்லை. புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைகோப்புறைகளில் செயலிகள் தம் அமைப்புகளை எழுதிவைக்கின்றன. ஃபெடோராவில் உள்ள க்னோம் மேசைத்தளத்தின் பதிப்பு புதிது. டெபியனில் உள்ளது பழையது. இரண்டும் ஒரே அமைப்புக் கோப்புகளைத் திறந்து மாற்றிமாற்றி எழுதும்போது, ஒன்றில் சரியாக வைத்த எழுத்துருவோ தீமோ நீட்சியோ மற்றதில் குலைந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் இதில் கறாராகவே நடந்துகொள்கிறது: 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல், புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க அது மறுத்துவிடும். அமைதியாகத் தரவைக் கெடுக்கும் மற்ற செயலிகளைப் பார்க்கும்போது, முகத்துக்கு நேரே மறுப்பதே மேல்.

எனவே /ஹோம் கோப்புறை அந்தந்த ரூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அமைப்புகள் அவரவர்க்கு, ஆவணங்கள் மட்டும் பொது. 286 ஜிபி தரவுப் பாகத்தை மூன்று லினக்ஸிலும் /டேட்டா என்ற இடத்தில் மவுண்ட் செய்து, அதற்குள் ஆவணங்கள், படங்கள், இசை, காணொளிகள் என்ற கோப்புறைகளை உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு லினக்ஸிலும் /ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் அதே வகைக் கோப்புறைகளை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் /டேட்டாவில் உள்ளவற்றைச் சுட்டும் சிம்பாலிக் இணைப்புகளை வைத்தால் வேலை முடிந்தது. எழுதுவதோ படம் பார்ப்பதோ எந்த லினக்ஸில் இருந்தாலும் ஒரே கோப்புகள்தான் திறக்கும். எஃப்எஸ்டேப் கோப்பில் இந்தப் பாகத்துக்கான வரியில் நோஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்ப்பது நல்லது. என்றாவது அந்தப் பாகம் கிடைக்காமல் போனாலும் லினக்ஸ் தொடங்குவது தடைபடாது.

கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. உரிமையாளரின் பெயர் வட்டில் எழுதப்படுவதில்லை, ஓர் எண் மட்டுமே எழுதப்படுகிறது. டெபியன், மின்ட், ஃபெடோரா மூன்றிலும் நிறுவும்போது உருவாகும் முதல் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும் என்பதால் பொதுவாகச் சிக்கல் வராது. ஆனால் டெபியனில் கணவர் முதலிலும் மனைவி அடுத்தும், மின்ட்டில் மனைவி முதலிலும் கணவர் அடுத்தும் கணக்கு உருவாக்கியிருந்தால், அங்கே அவருடைய கோப்புகள் இங்கே இவருடையதாகத் தெரியும். கணக்குகளை எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் உருவாக்குவதுதான் எளிய தடுப்பு. ஃபெடோராவில் எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் காவலும் உண்டு. டெபியனில் உருவான கோப்புகளில் அதற்குரிய முத்திரை இருக்காது. மேசைத்தளத்தில் திறக்கும்போது இது தெரியவராது. அதே கோப்புகளைச் சாம்பா என்ற கோப்புப் பகிர்வுச் சேவை அல்லது வலைச்சேவையகம் வழியாக ஃபெடோராவிலிருந்து பகிர முயன்றால்தான் அனுமதி மறுக்கப்படும்.

வேலையைத் தொடங்கும்போது

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகல் எடுப்பது. இதற்கு விதிவிலக்கு கிடையாது. பிறகு ஒரு லைவ் யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி ஜிபார்ட்டட்டைத் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸின் எக்ஸ்ட்4 ரூட்டை அதற்குள் இருந்தபடி சுருக்க முடியாது, மவுண்ட் ஆகாத நிலையில்தான் சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை ஜிபார்ட்டட்டால் சுருக்க இயலாது. அதில் நிறுவியிருப்பவர் நகல் எடுத்துவிட்டு அழித்துத்தான் மறுபடி உருவாக்க வேண்டும். மடிக்கணினியானால் சார்ஜரைச் செருகிவைப்பதும், மேசைக்கணினியானால் யூபிஎஸ் இருப்பதும் நல்லது.

எல்லாப் பாகங்களையும் ஜிபார்ட்டட்டிலேயே முன்கூட்டி உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் டெபியன்-ரூட், மின்ட்-ரூட் என்று லேபிள் இட்டுவிடலாம். எல்லா நிறுவிகளும் லேபிளைக் காட்டும் என்று சொல்ல முடியாது. டெபியனுக்கும் மின்ட்டுக்கும் அளவு ஒன்றாக இருந்தால் எது எது என்ற குழப்பம் வரும். ஒன்றை 40 ஆகவும் மற்றதை 41 ஆகவும் வைத்துவிட்டால் அளவே அடையாளமாகிவிடும். பிறகு எந்த நிறுவியிலும், முழு வட்டையும் எடுத்துக்கொள்ளும் தானியங்கி வழியைத் தவிர்த்து, பாகங்களை நாமே குறிப்பிடும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரூட்டை ஃபார்மேட் செய்யலாம்; ஈஎஃப்ஐ பாகத்தையும் தரவுப் பாகத்தையும் ஃபார்மேட் செய்யக் கூடாது. கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன் எழுதப்போகும் மாற்றங்களின் பட்டியலை நிறுவி காட்டும். அதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது வீண் அல்ல. அன்றாடம் பயன்படுத்தப்போகும் லினக்ஸைக் கடைசியாக நிறுவினால், முதலிடத்தை அதன் கிரப்பே எடுத்துக்கொள்ளும்.

ஒரு லினக்ஸ் வேண்டாம் என்று ஆகும்போது அதன் ரூட் பாகத்தை நீக்கிவிட்டால் இடம் கிடைத்துவிடும், ஆனால் அதன் சுவடுகள் இரண்டு இடங்களில் எஞ்சியிருக்கும்: ஈஎஃப்ஐ பாகத்தில் உள்ள அதன் கோப்புறை ஒன்று, ஃபர்ம்வேரின் நினைவில் உள்ள பதிவு மற்றொன்று. ஈஎஃப்ஐபூட்மேனேஜரால் பதிவை நீக்கி, கோப்புறையையும் அழித்து, எஞ்சியுள்ள லினக்ஸில் அப்டேட்-கிரப் இயக்கி, 40_கஸ்டம் கோப்பில் அதற்கென்று எழுதிய வரிகள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிட வேண்டும். நீக்கப்போகும் லினக்ஸின் கிரப்தான் முதலிடத்தில் இருக்கிறது என்றால் வரிசையை மாற்றுவதே முதல் வேலை. வேறொன்று முதலில் வரும்படி செய்து, ஒருமுறை கணினியை மறுபடி தொடங்கிப் பார்த்து, அது ஒழுங்காக வந்த பிறகே பாகத்தில் கை வைக்க வேண்டும்.